ஆப்பிரிக்கா போகத்தான் வேண்டுமா?

கேள்வி: காட்டுயிர்ப் படம் எடுக்க ஆசை. ஆப்பிரிக்காவும் விலை கூடிய கேமராவும் இல்லாமல் பெயர் வாங்க முடியுமா?
- வாசகர், அவலூர்பேட்டை

பதில்: தாராளமாக. மா. கிருஷ்ணன் (1912-1996) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே புகழ் பெற்றார். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தாமே ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

உங்களுக்குச் செஞ்சி பக்கத்திலேயே இருக்கிறது. உச்சி வெயிலில் அங்குள்ள இராஜகிரிக் குன்றின் பாறைகள் தட்டையாகத் தெரியும்; காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு வெடிப்பும் எடுப்பாக விழும். ஏரிக்கரையில் கொக்கை நின்றபடி எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். குந்தி உட்கார்ந்து அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும்.

சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறையிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கூட்டருகே மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவையை விரட்டிவிட்டு எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான்.