நாள் பூரா உழைக்கிற உடம்புக்கு யோகா எதுக்கு? காஞ்சிபுரம் தறி சொல்லும் பாடம்!

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்த ஒரு காஞ்சிபுரம் பட்டாவது இருக்கும். முகூர்த்தப் புடவையோ, வளைகாப்புக்கு எடுத்ததோ... எதுவானாலும் சரி, அந்த ஒரு புடவை தறியிலிருந்து இறங்கப் பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை ஆகிறது. வேலைப்பாடு கூடினால் நாளும் கூடும். அத்தனை நாளும் அதற்காக ஒரு முதுகு வளைந்தே இருந்திருக்கிறது என்பதை எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

இந்த யோகா பாடத்தை அந்த முதுகிலிருந்தே தொடங்குவோம். காரணம் இருக்கிறது. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவரின் முதுகும், தையல் மிஷினில் குனிந்திருக்கும் உங்கள் முதுகும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் முதுகும் அதே ரகம்தான்!

தறிக்குழியில் நடப்பது என்ன?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்குள்ளேயே தறி இருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் குழித்தறி. தரையில் ஒரு பள்ளம். நெசவாளி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மறு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கிச் சேர்க்கிறது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையானால் மூன்று நாடா. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் துணைக்கு உட்கார வேண்டும்.

தூரத்திலிருந்து பார்த்தால், ‘அட, தரையில்தானே உட்கார்ந்திருக்கார், நல்லதுதானே’ என்று தோன்றும். கிட்டே போய்ப் பாருங்கள். இடுப்பு மடங்கி, முழங்கால் மடங்கி, கால் கீழே தொங்குகிறது. இது சம்மணம் அல்ல... நாற்காலியில் உட்காரும் அதே நிலை! சாய்ந்துகொள்ள முதுகுப்பக்கம் பலகைகூடக் கிடையாது. இழை இழையாகப் பார்க்க வேண்டியிருப்பதால் தலை முன்னால் தொங்குகிறது, தோள்கள் உள்ளே சுருங்குகின்றன.

கைத்தறி நெசவாளர்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இடுப்பு, கழுத்து, தோள், முழங்கால் ஆகியவற்றில் வலி. இதில் பணயம் வைக்கப்படுவது சும்மா ஒரு வலியல்ல. நெய்த புடவைக்குத்தான் கூலி. முதுகு பிடித்துக்கொண்டு நாலு நாள் தறியில் உட்கார முடியாவிட்டால், அந்த நாலு நாள் வருமானம் போச்சு. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறி வேலை நிற்பது போதாதென்று உடம்பும் நின்றுவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு!

‘நான் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்தா ராத்திரி பத்து வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு எதுக்கு தனியா யோகா?’ இப்படிக் கேட்காத இல்லத்தரசி உண்டா? நியாயமான கேள்விதான்.

பதில் தறியில் இருக்கிறது. நெசவாளியின் கை, கால் நாள் பூராவும் அசைகிறது. ஆனால் எப்படி? ஒரே பக்கமாக, ஒரே அளவாக, ஆயிரக்கணக்கான தடவை. சில தசைகளுக்கு ஓயாத வேலை. சில தசைகளுக்கு வேலையே இல்லை. தொடையின் முன்பக்கத்தையும் இடுப்பையும் இணைக்கும் தசைகள் மடங்கியே இருந்து இறுகிப் போகின்றன. பின்பக்கத் தசைகள் தளர்ந்து போகின்றன. நெஞ்சுக்கூடு முன்னால் கவிழ்ந்திருப்பதால் மூச்சும் மேலோட்டமாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. டாக்டர்கள் ‘டிஸ்க்’ என்று சொல்வது இவற்றைத்தான். வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டுகளின் உள்ளே ரத்தக் குழாய்கள் கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து மெல்லக் கசிந்து வருவதுதான் அவற்றுக்கு உணவு. உடம்பு பல பக்கமும் அசைந்து, அழுத்தம் கூடிக் குறைந்தால் இதற்கு உதவி. ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால்? நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஆக, உழைப்பு உடம்பை ஒரு பக்கம் இழுக்கிறது. பயிற்சி அதை மறுபக்கம் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருகிறது. யோகாவின் முதல் பலன் இதுதான்.

கோயில் ஊரில் ஒரு பாடம்

இதற்கு உதாரணம் தேடிக் காஞ்சியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. காமாட்சி அம்மன் கருவறையில் அமர்ந்திருப்பது பத்மாசனத்தில். அடுத்து, பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்கு வாருங்கள். அங்கே யோக நிலையில் அமர்ந்த தட்சிணாமூர்த்தியைப் பார்க்கலாம். காலைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருக்கும். அதற்கு யோகப்பட்டம் என்று பெயர்.

எதற்கு அந்தப் பட்டை? நெடுநேரம் நேராக உட்கார உடம்புக்கு ஒரு துணை! நம் காலத்தில் பி.கே.எஸ். ஐயங்கார் (1918 - 2014) பெல்ட், நாற்காலி, கட்டை எல்லாம் வைத்து யோகா கற்றுக்கொடுத்தாரே, அதே எண்ணம்தான். உடம்பை வதைத்து ஆசனத்துக்குள் திணிக்கக் கூடாது. ஆசனம் என்றால் உறுதியாகவும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது பதஞ்சலி வகுத்த இலக்கணம். எனவே கால் மடங்கவில்லையா? நாற்காலியில் உட்காருங்கள். தப்பே இல்லை.

ஐயங்காரின் குரு டி. கிருஷ்ணமாச்சாரியா (1888 - 1989) சென்னையில் வாழ்ந்தவர். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். இந்த வழியில் வந்தவர்கள் வலியுறுத்துவது மூன்று. அசைவும் மூச்சும் சேர்ந்தே போக வேண்டும். ஒரு பக்கம் வளைந்தால் அதற்கு மாற்றாக மறுபக்கம் வளைய வேண்டும். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தறி முதுகுக்கும் சரி, உங்கள் முதுகுக்கும் சரி, இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்.

இருபது நிமிஷப் பாடம்

காலையில் வெறும் வயிறு நல்லது. மாலையில் என்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தரையில் ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். இறுக்கமான உடை வேண்டாம். மூச்சு மூக்கு வழியாகவே.

1. தாடாசனம்: பாதங்களுக்கு இடையே ஒரு சாண் விட்டு நேராக நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை முன்பக்கமாகத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி இறக்குங்கள். 6 தடவை. சுருங்கிய தோளும் நெஞ்சும் விரியும்.

2. பூனை ஆசனம்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் விரியுங்கள். விடும்போது முதுகை மேலே வளையுங்கள், சிலிர்த்துக்கொண்ட பூனை மாதிரி. 6 தடவை. முட்டி வலிப்பவர்கள் அடியில் போர்வையை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

3. புஜங்காசனம்: குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். மூச்சை இழுத்தபடி தலையையும் நெஞ்சையும் தூக்குங்கள். தொப்புள் தரையை விட்டு எழும்பக் கூடாது. மூச்சை விட்டபடி இறங்குங்கள். 4 தடவை போதும். நாள் பூரா முன்னால் வளைந்த முதுகுக்கு நேர் மாற்று இது.

4. சேதுபந்தாசனம்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். மூச்சை இழுத்தபடி இடுப்பைத் தூக்குங்கள். விட்டபடி மெதுவாக இறக்குங்கள். 6 தடவை. உட்கார்ந்தே மடங்கிப்போன இடுப்பின் முன்பக்கம் நீளும். தளர்ந்த பின்பக்கத் தசைகளுக்கு வேலை கிடைக்கும்.

5. அபானாசனம்: படுத்தபடியே முழங்கால்களைக் கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை விடும்போது வயிற்றை நோக்கி இழுங்கள். மூச்சை இழுக்கும்போது தளர்த்துங்கள். 8 தடவை. பின்னால் வளைந்ததற்கு மாற்றாக இது.

6. சவாசனம்: கை கால்களைத் தளரவிட்டு 3 நிமிஷம் படுத்திருங்கள். ‘சும்மா படுக்கிறதுக்கு ஒரு ஆசனமா?’ என்று இதை விட்டுவிடாதீர்கள்!

கடைசியாக மூச்சு. நேராக உட்கார்ந்து, மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். அடக்க வேண்டாம். 5 நிமிஷம். அவ்வளவுதான்!

மனசுக்கு என்ன லாபம்?

நெசவாளியின் மனசு அலைபாயும் மனசல்ல. ஓர் இழை தப்பினாலும் கண்ணில் படும் வேலை அது. ‘அப்படியானால் அதுவே தியானம்தானே?’ என்று கேட்கலாம். பாதி சரி. தறியில் இருக்கும் கவனம், தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தோடு கூடிய கவனம். நீங்கள் ஆபீசில் கணக்குப் பார்க்கும்போதும், பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்க்கும்போதும் வருவது அதே கவனம்தான். தோள் இறுகும், பல்லைக் கடிப்போம், மூச்சு சுருங்கும். யோகாவில் வருவது தளர்ந்த கவனம். மூச்சைப் பார்க்கிறோம், ஆனால் அதில் ஜெயிக்கவோ தோற்கவோ எதுவும் இல்லை.

நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு. இந்த ஆறுக்கு ஒரு விசேஷம் உண்டு. 2001-ல் இத்தாலியில் நடந்த ஒரு ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஜெபமாலை சொன்னபோதும் சரி, யோக மந்திரம் சொன்னபோதும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு சுமார் ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் உடம்பின் தானியங்கி ஏற்பாடும் கூடுதல் சுறுசுறுப்பாக வேலை செய்தது. எந்த மதத்துக்காரரானாலும் மூச்சு ஒன்றுதான்!

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

‘எல்லா நோயும் தீரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலக்கூடிய வழிகளில் யோகாவையும் அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ், 2017-ல் சேர்த்தது. அதே ஆண்டு பாஸ்டன் நகரில் இடுப்பு வலிக்காரர்கள் 320 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வார யோகா பிசியோதெரபிக்குக் குறையாத பலன் தந்தது. ஆனால் 2011-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், தசைகளை நீட்டும் சாதாரணப் பயிற்சியும் யோகா அளவுக்கே உதவியது. இதில் ஏமாற எதுவுமில்லை. மந்திரம் எதுவும் கிடையாது, விடாமல் செய்வதில்தான் பலன் என்று அர்த்தம்.

யோகா மட்டும் போதாது என்பதும் உண்மை. தறிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், உட்காரும் இடத்தில் மெத்தென்ற விரிப்பு வேண்டும். தார் மாற்றும்போது ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். உங்களுக்கும் அப்படியே. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிஷம் நடங்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கினால் கண்ணாடி போடுங்கள். யோகா செய்தால் கண்ணாடி கழன்றுவிடும் என்று காத்திருந்தால் கழுத்துதான் இன்னும் வளையும்!

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கூடாது. எலும்பு தேய்ந்தவர்கள் ஆழமாகக் குனியக் கூடாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

முதுகு வலியோடு கால் மரத்துப் போவது, கால் பலமிழப்பது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது... இதில் ஒன்று இருந்தாலும் ஆசனம் போட்டுப் பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். மற்றவர்களும் முதல் சில நாள் ஒரு ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. தமிழகத்தில் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

இன்று ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு சின்ன கணக்குப் போடுங்கள். இன்று எத்தனை மணி நேரம் முன்னால் குனிந்திருந்தேன்? எத்தனை நிமிஷம் பின்னால் நிமிர்ந்தேன்? பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கேள்விக்கு விடை பூஜ்யமாகத்தான் இருக்கும். நாளைக் காலை அதை இருபதாக்குங்கள். தறியில் பாவு மட்டும் இருந்தால் புடவை ஆகாது, குறுக்கே ஊடையும் ஓட வேண்டும். உடம்பும் அப்படித்தான்!