துக்கத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லலாமா?

எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டி இருக்கிறார். 80 வயதைக் கடந்தவர். பெங்களூரில் இருந்த அவருடைய மூத்த மகன் ஒருநாள் அதிகாலையில் மாரடைப்பால் காலமானார். 'பாட்டி தாங்கமாட்டார்' என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, விஷயத்தை மறைத்துவிட்டார்கள். 'ஆபீஸ் வேலையாக வெளிநாடு போயிருக்கிறான்' என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒருவராகப் பெங்களூர் போய்வந்தார்கள். பாட்டிக்குத் துணையாக என்னை இருக்கச் சொன்னார்கள். ''அவன் ஏன் போன் பண்ணலை?'' என்று அவர் கேட்டபோதெல்லாம், ''அங்கே இப்போ ராத்திரி பாட்டி'' என்று நானும் பொய் சொன்னேன்.

பதினைந்தாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த தூரத்து உறவினர் ஒருவர் வாசலிலேயே அழுதுவிட, எல்லாம் வெளியே வந்துவிட்டது. பாட்டி அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: ''கடைசியா அவன் முகத்தைப் பார்க்கிற பாக்கியம்கூட எனக்கு இல்லாமப் பண்ணிட்டீங்களே... நீயுமாடி மறைச்சே?''

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நல்ல எண்ணத்தில்தானே மறைத்தோம்? அது எப்படித் தவறாகும்? மனம் ஆறாமல் வால்மீகி ராமாயணத்தைப் புரட்டினேன். அயோத்தியா காண்டத்தில் பதில் இருந்தது!

குடத்தோடு நின்ற தசரதர்

ராமர் வனவாசம் புறப்பட்ட ஆறாம் நாள் இரவு. இளமையில் தான் செய்த பாவத்தைக் கௌசல்யையிடம் சொல்லி அழுகிறார் தசரதர். அன்று சரயு நதிக்கரையில், குடத்தில் நீர் நிரம்பும் சத்தத்தை யானை என்று நினைத்து, இருட்டில் அம்பு எய்துவிட்டார். அடிபட்டவன், கண் தெரியாத பெற்றோருக்காகத் தண்ணீர் எடுக்க வந்த முனிகுமாரன். சிரவணன் என்று நாம் சொல்கிறோமே, அவன்தான்.

அவன் உயிர் பிரிந்துவிட்டது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. இளவரசராக இருந்த தசரதர் சத்தமில்லாமல் அரண்மனைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால், அவர் குடத்தில் நீரை நிரப்பிக்கொண்டு ஆசிரமத்துக்குப் போனார். காலடிச் சத்தம் கேட்ட தந்தை, மகன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து, 'ஏனப்பா இவ்வளவு தாமதம்?' என்று கேட்டார். அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்! எத்தனை கஷ்டம்! தசரதர் நடுங்கிக்கொண்டே, 'நான் உங்கள் மகன் இல்லை' என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

'நீயே வந்து சொல்லாமல் இருந்திருந்தால் உன் தலை சிதறிப் போயிருக்கும்' என்றார் முனிவர். அடுத்து அந்தப் பெற்றோர் கேட்டது என்ன தெரியுமா? 'எங்களை அவனிடம் அழைத்துப் போ' என்பதுதான். தசரதர் அழைத்துப் போனார். இருவரும் மகனைத் தொட்டுத் தடவி அழுதார்கள். அவனுக்கு நீர்க்கடன் செய்தார்கள். அதன்பிறகு, 'நீயும் புத்திர சோகத்தால் உயிர் விடுவாய்' என்ற சாபமும் கிடைத்தது. உண்மையைச் சொன்னதால் தசரதர் தப்பவில்லை. ஆனால், அந்தப் பெற்றோருக்குத் தங்கள் மகனைக் கடைசியாகத் தொடும் பேறு கிடைத்தது.

தள்ளிப்போடுவது வேறு, மறைப்பது வேறு

'வசிஷ்டரே பரதனிடம் மறைக்கச் சொன்னாரே?' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கேகய நாட்டுக்குப் போன தூதர்களிடம், தசரதர் மறைந்ததையும் ராமர் காடு சென்றதையும் சொல்ல வேண்டாம் என்றார். பரதன் ஏழு இரவுகளை வழியில் கழித்து அயோத்தி வந்து சேர்ந்தான். ஆனால், அதுவரை தசரதரின் திருமேனியை எண்ணெயில் இட்டுப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். மகன் வந்துதான் காரியம் செய்ய வேண்டும் என்று காத்திருந்தார்கள். செய்தி தாமதமானதே தவிர, மகனின் உரிமையை யாரும் பறிக்கவில்லை. நாங்கள் பாட்டிக்குச் செய்ததோ நேர்மாறு!

பரதனுக்குச் செய்தியைச் சொன்னவள் கைகேயி. அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால், கொடிய செய்தியை ஏதோ இனிய செய்திபோலச் சொன்னாள் என்கிறார் வால்மீகி. வெட்டிய மரம்போல் விழுந்தான் பரதன். பிறகு, 'அப்பா கடைசியாக என்ன சொன்னார்?' என்று கேட்டான். கைகேயி அதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தவில்லை. ராமனைக் காட்டுக்கு அனுப்பிய தன் சாமர்த்தியத்தையும் சேர்த்துச் சொன்னாள். புண்ணில் வேல் பாய்ச்சியது அதுதான்.

வாக்கும் ஒரு தவம்

கீதையின் 17-வது அத்தியாயத்தில், பிறர் மனதைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான பேச்சை வாக்கினால் செய்யும் தவம் என்கிறார் பகவான். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நன்மையும் தர வேண்டும்.

துக்க வீட்டில், 'ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே', 'பூர்வ ஜன்ம பாவம்' என்றெல்லாம் பேசுகிறோம். இவை உண்மை அல்ல, நம் ஊகம். இறந்தார் என்ற செய்தி, துக்கப்படுபவருக்குச் சொந்தம். அதைக் கொடுத்துவிட வேண்டும். நம் அபிப்ராயத்தை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். துக்க வீட்டில் 'வாங்க' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்று விடைபெறுவதும் இல்லை. அங்கே பேச்சு குறைவாக இருக்க வேண்டும் என்பதைத்தானே இந்த வழக்கம் உணர்த்துகிறது!

தீட்டு விதியும் இதையே காட்டுகிறது. பத்து நாளுக்குள் செய்தி கேட்டால் மீதி நாட்கள் தீட்டு. அதற்குப் பிறகு கேட்டால் உறவைப் பொறுத்துக் கணக்கு மாறும். செய்தி எப்படியும் உரியவர் காதுக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில்தானே சாஸ்திரம் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது?

சொல்லும் முறை

* மிக நெருங்கிய ஒருவர் நேரில் சொல்லட்டும். முதியவர், இதய நோயாளி என்றால், டாக்டரிடம் கேட்டு, மருந்தும் துணையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

* உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். 'சீரியஸ்' என்று இழுக்காமல், 'காலமாகிவிட்டார்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

* கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'நான் சரியா கவனிக்கலையா?' என்று அழுபவரிடம், டாக்டர் சொன்ன காரணத்தைச் சொல்லுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

* சொன்னதும் கிளம்பாதீர்கள். அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

மாசிகத்துக்குப் பாட்டியைப் பெங்களூர் அழைத்துப் போனார்கள். மருமகளைக் கட்டிக்கொண்டு அன்றுதான் வாய்விட்டு அழுதாராம். ''கடைசியா என்னடி சொன்னான்?'' என்று கேட்டாராம். பரதன் கேட்ட அதே கேள்வி! திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ''நீ நல்ல மனசோடதான் செஞ்சே. ஆனா, இனிமே யார் வீட்டுலயும் இப்படிச் செய்யாதே'' என்றார்.

அவர் எனக்குச் சொன்னதை, உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.