ஏ.சி. காற்று நின்றுவிட்டதா? வணிகர்களுக்கு ஒரு வண்டிப் பாடம்



கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் கொள்முதலுக்குப் போகும் நம்மில் பலர் ஏ.சி. பொருத்திய கார், வேன் வைத்திருக்கிறோம். கத்திரி வெயிலில் ஜி.எஸ்.டி. சாலையில் போகும்போது ஏ.சி. காற்று நின்றுவிட்டால் சிரமம். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ அது ஆபத்து. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரத்தை நீக்குவது இந்தக் காற்றே. அது இல்லாவிட்டால் எதிரே வரும் லாரி தெரியாது.

மண்டியில் ஏற்றிய சரக்கு கடைக்கு வராவிட்டால், வரும் வழி முழுவதையும் வரிசையாக விசாரிக்கிறோம். இங்கும் அப்படியே. பல வண்டிகளில் மின்சாரம் வரும் வரிசை: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, புளோயர் மோட்டார், ரெசிஸ்டர், வேக சுவிட்ச், எர்த். இதைப் பாராமல் எடுத்த எடுப்பில் புது மோட்டார் வாங்குவது வீண் செலவு.

1. வேகம்: சுவிட்சை ஒவ்வொரு எண்ணிலும் வைத்துப் பாருங்கள். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்தால் மோட்டார் நலம், ரெசிஸ்டர் எரிந்திருக்கும். கடைசி வேகத்துக்கு ரெசிஸ்டர் தேவையில்லை என்பதே காரணம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் காற்று குறைவாக வந்தால் பில்டரில் தூசி அடைத்திருக்கும்.

2. ஃப்யூஸ்: எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போடவும். பெரிய ஃப்யூஸோ கம்பித் துண்டோ போட்டால் வயரிங் தீப்பிடிக்கும். புது ஃப்யூஸும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது வயர் உரசியிருக்கலாம்.

3. ரிலே: அதே எண்ணுள்ள வேறு ரிலே வண்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

4. டெஸ்ட் லாம்ப்: மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கடைசி வேகத்தில் வைத்து, அதன் இரு முனைகளிலும் 12 வோல்ட் விளக்கை வைக்கவும். எரிந்தால் பழுது மோட்டாரில். எரியாவிட்டால் விளக்கின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொடவும். ஏதாவது ஒன்றில் எரிந்தால் பழுது மின்சாரம் திரும்பும் வழியில். எதிலும் எரியாவிட்டால் வரும் வழியில்.

5. மோட்டார்: மெதுவாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறதென்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது நாளை மறுபடியும் நிற்கும். இறுகி ஓடும் மோட்டாரை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும்.

மளிகைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது எலி. அரிசி, பருப்பு சிந்திய வண்டியில் எலி புகுந்து வயரைக் கடிக்கும். புளோயர் கூட்டில் காகிதமும் சணல் நாரும் சேர்த்து வைக்கும். சரக்கு இறக்கியதும் வண்டியைப் பெருக்குவதே மலிவான வைத்தியம்.

தானாகக் குளிரைச் சரிசெய்யும் புதிய கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் மின்னணுப் பகுதி இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். டேஷ்போர்டின் கீழுள்ள மஞ்சள் நிற வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, தொடவே கூடாது. எதைக் கழற்றும் முன்பும் சாவியை எடுத்துவிடுங்கள்.

நாமே பழுது பார்க்காவிட்டாலும், எது பழுது என்று கேட்டு, கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்த்து, பிறகு பில்லுக்குப் பணம் கொடுப்போம். எடை பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்லவே!