மேஜை மேல வைக்க முடியாத கண்டுபிடிப்பு

நம்ம காலேஜ் பிராஜெக்ட் எக்ஸ்போவுல ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. மேஜை மேல வைத்துக் காட்ட ஒரு மோட்டாரோ சென்சாரோ இருந்தால்தான் அது 'கண்டுபிடிப்பு'. ஒரு சேவையைக் கொடுக்கும் முறையையே மாத்துற யோசனையோட போனா, "சரிப்பா, இதுல நீ என்ன செஞ்சிருக்க?"னு கேட்பாங்க.

அரசும் ரொம்ப காலம் இப்படித்தான் பார்த்தது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவில், கம்பெனிக்குள்ளேயே ஆராய்ச்சி செய்தால் வரிச் சலுகை இருந்தது. ஒரு கட்டத்தில் 100 ரூபாய் செலவுக்கு 200 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் அது பயோடெக்னாலஜிக்கும் பொருள் உற்பத்திக்கும்தான். வங்கிக்கோ போக்குவரத்துக்கோ கிடையாது. சட்டம் எழுதினவங்களை முழுசா குறை சொல்லவும் முடியாது. சேவையில் எது ஆராய்ச்சிச் செலவு, எது அன்றாடச் செலவுன்னு பிரிக்கிறது நிஜமாவே கஷ்டம்.

அப்போ அரசு எப்படித்தான் உதவுறது? நம்ம போனில் இருக்கும் யுபிஐயைப் பார்த்தாலே புரியும்.

யுபிஐ வந்தது 2016 ஏப்ரலில். அடித்தளம் போட்டது அதுக்கு ரொம்ப முன்னாடி. பணப் பரிமாற்ற முறைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கும் சட்டம் 2007-ல் வந்தது. 2008-ல் ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து, என்பிசிஐ என்ற லாப நோக்கமில்லாத கம்பெனியைத் தொடங்கின. 2010-ல் அது ஐஎம்பிஎஸ் சேவையைக் கொண்டுவந்தது. அதன் மேல்தான் யுபிஐ எழுந்தது.

டீக்கடையில் ஸ்கேன் பண்ணும்போது உள்ளே என்ன நடக்குது? பெரும்பாலான ஆப் கம்பெனிகள் வங்கிகளே அல்ல. ஏதாவது ஒரு வங்கியோடு சேர்ந்துதான் உள்ளே வருகின்றன. நம்ம கோரிக்கை அந்த வங்கி வழியாக என்பிசிஐயின் ஸ்விட்சுக்குப் போகும். ஸ்விட்ச் நம்ம வங்கியிடம் பணத்தைக் கழிக்கச் சொல்லி, கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்லும். நாம பின் நம்பர் அடிக்கிற திரைகூட என்பிசிஐ கொடுத்த பொது மென்பொருள்தான்; ஆப் கம்பெனியால் அதைப் படிக்க முடியாது. எந்த ஆப்பில் இருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போயாகணும் என்பது விதி. ஆரம்பகால வாலெட்டுகளில் இது கிடையாது. ஒண்ணுல போட்ட பணம் இன்னொண்ணுக்குப் போகாது. மானியத்தை விட இந்த விதிதான் பெரிய உதவி என்பது என் கருத்து.

சிக்கல் வருமானத்தில்தான். கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் ஒரு சின்ன சதவீதம் பிடிப்பாங்க. யுபிஐக்கு அந்தக் கட்டணத்தை 2020 ஜனவரி 1 முதல் அரசு பூஜ்யமாக்கியது. கடைக்காரருக்குச் செலவில்லை, பூக்காரம்மா வரைக்கும் க்யூஆர் அட்டை வந்தது. ஆனா சர்வர், மோசடித் தடுப்பு எல்லாத்துக்கும் யாராவது காசு போடணுமே? அதுக்காக அரசு ஊக்கத்தொகை கொடுக்குது. 2024-25-க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். சிறு வணிகர்களுக்கு வரும் 2,000 ரூபாய் வரையான பணத்துக்கு 0.15 சதவீதம். கணக்குப் போடுங்க: 20 ரூபாய் டீக்கு 3 பைசா! அதையும் வங்கிகளும் ஆப்பும் பங்கு போட்டுக்கணும்.

இந்த 3 பைசாவை நம்பி ஒரு புது கம்பெனி ஓடுமா? பெரிய முதலீடு உள்ளவங்களாலதான் தாங்க முடியுது. இன்னைக்கு யுபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி போன்பே, கூகுள் பே என்ற ரெண்டே ஆப்களில் நடக்குது. ஒரு ஆப்புக்கு 30 சதவீதம்தான் வரம்புன்னு 2020-லேயே என்பிசிஐ அறிவிச்சாச்சு. அதுக்கான கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்கு வந்து நிக்குது. எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்ட அதே கொள்கை, உள்ளே வந்தவங்க பிழைக்கிற வழியை யோசிக்கல. பெரிய வணிகர்களிடம் மட்டுமாவது சிறு கட்டணம் வாங்க விடலாம். டீக்கடைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஃபின்டெக் யோசனை வைத்திருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் 'ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்' பற்றித் தெரிஞ்சு வைங்க. 2019-ல் அதற்கான வழிமுறை வந்தது. குறைந்த வாடிக்கையாளர்கள், குறிப்பிட்ட காலம், சில விதிகளில் தளர்வு என்ற எல்லைக்குள் புதுச் சேவையை நிஜமாவே ஓட்டிப் பார்க்கலாம். பணம் தர மாட்டாங்க. அதை நீங்கதான் தேடிக்கணும்.