பிள்ளையின் மனத்தை அளக்கும் கேள்வித்தாள்



"சிகரெட் குடிக்கிறாயா?" என்று கேட்டால், பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக்குக் கூட்டாளி ஒருவன் நீட்டினால் வாங்குமா, வாங்காதா? இதை முன்கூட்டியே அறிந்தால்தான் தடுக்க முடியும். அதற்காகத்தான் பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்கிறார்கள்.

13 முதல் 15 வயது மாணவர்களுக்கான இத்தகைய உலக ஆய்வு 1999-இல் தொடங்கியது. மலேசியாவில் 2003-இலும் 2009-இலும் நடந்தது. அதில் ஒரு கேள்வி: "நெருங்கிய நண்பன் சிகரெட் கொடுத்தால் பிடிப்பாயா?" பதில்கள் நான்கு: கண்டிப்பாக மாட்டேன், அநேகமாக மாட்டேன், அநேகமாகப் பிடிப்பேன், கண்டிப்பாகப் பிடிப்பேன். "கண்டிப்பாக மாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லாத பிள்ளை பழக்கத்தில் விழக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள்.

மூலக் கேள்விகள் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றைத் தமிழில் மாற்றும்போது கவனம் தேவை.

1. "அநேகமாக மாட்டேன்" என்று எந்தப் பிள்ளை பேசுகிறது? "மாட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றால் உடனே புரியும்.

2. "சிகரெட்டால் கெடுதல் இல்லை" என்ற வரிக்கு ஒரு பிள்ளை "இல்லை" என்று பதில் போட்டால் என்ன அர்த்தம்? கெடுதல் இல்லை என்கிறதா, அந்தக் கருத்தே சரியில்லை என்கிறதா? "சிகரெட் கெடுதல்" என்று நேராக எழுதினால் குழப்பம் வராது.

3. சிகரெட்டை மட்டும் கேட்டால், வேப் இழுக்கும் பிள்ளையும் "இல்லை" என்றே குறிக்கும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகவே ஒருவர் தமிழில் எழுதுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டால் பிசகு தெரிந்துவிடும். பிறகு அதே வயதுப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து, "இதை எப்படிப் புரிந்துகொண்டாய்?" என்று கேட்பார்கள். சொல் தவறினால் கணக்கும் தவறும். ஆபத்தில் இருக்கும் பிள்ளை கண்ணில் படாமலே போய்விடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? இந்தத் தாளில் பிள்ளையின் பெயர் இருக்காது. "என்ன எழுதினாய்?" என்று துருவாதீர்கள். "நல்லதாக எழுது" என்று சொல்லியும் அனுப்பாதீர்கள். பயந்து எழுதிய பதிலால் யாருக்கும் பயனில்லை.

வீட்டிலும் இதே முறைதான். "குடிச்சியா?" என்று மிரட்டுவதை விட்டு, "கூட்டாளி கொடுத்தா என்னப்பா சொல்லுவே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திட்டாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம் என்பதையும் சொல்லுங்கள்.

அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பெட்டியையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மறந்துவிட வேண்டாம்!