பெர்ஃப்யூஷனிஸ்ட் வேலையில் முந்த: ரிஸ்க்கைப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்

பைபாஸ் தொடங்கி இதயம் நின்றதும், நோயாளியின் ரத்த ஓட்டமும் மூச்சும் ஹார்ட்-லங் மெஷினின் பொறுப்பு. அதை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பி.எஸ்சி. படிப்பு உண்டு. 'மெஷின் ஓட்டுவேன்' என்று இன்டர்வியூவில் எல்லோரும்தான் சொல்வார்கள். எது எங்கே தவறும் என்று முன்னாலேயே கணக்குப் போடுபவருக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும்.

1. ரிஸ்க்குக்கு மார்க் போடுங்கள். தவறுகளை முன்கூட்டியே அலசும் எஃப்.எம்.இ.ஏ. முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தவறு எவ்வளவு ஆபத்தானது, எத்தனை முறை நேரும், நேர்ந்தால் கண்ணில் படுவது எவ்வளவு கடினம் என மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க். மூன்றையும் பெருக்கி வரும் எண்ணே முன்னுரிமை. உதாரணம், மெஷினில் ரத்தம் சேரும் ரிசர்வாயர் காலியாவது. ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர், கையிருப்பு 500 மில்லி என்றால், ரத்தம் திரும்பி வராதபோது உங்களுக்கு இருப்பது 6 விநாடிதான். அதன்பின் காற்று நேராக மூளைக்குப் போகலாம். லெவல் சென்சார், பபிள் டிடெக்டர் இரண்டும் பம்ப்பை நிறுத்தும்படி இணைந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு கேஸிலும் பாருங்கள். அலாரம் தொல்லை என்று அணைத்துவைக்கும் சீனியரிடம் மற்றதைக் கற்கலாம், இதைக் கற்காதீர்கள். இன்னொன்று: 10×1×3 வெறும் 30, 4×4×4 என்றால் 64. அதற்காக ஆபத்து 10 உள்ளதைப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது.

2. செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹீட்டர்-கூலரின் கிருமிநீக்கப் பதிவேட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியின் தண்ணீரிலிருந்து காற்றில் பரவிய மைக்கோபாக்டீரியம் கிமேரா கிருமி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறுவை சிகிச்சை முடிந்து பல மாதம், சிலருக்குப் பல வருடம் கழித்து நோயாகத் தலைகாட்டியது.

3. எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போனதா, உறையும் நேரமான ஏ.சி.டி. எவ்வளவு? பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு 480 விநாடி. ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமினைத் தொடங்குவதாக அனஸ்தீஷியா டாக்டர் சொன்னால், 'சக்கர் ஆஃப்' என்று பதில் சொல்லி ரத்தம் உறிஞ்சுவதை நிறுத்துங்கள். புரோட்டமின் கலந்த ரத்தம் சர்க்யூட்டுக்குள் வந்தால் உறைந்துவிடும். மறுபடி பைபாஸ் தேவைப்பட்டால் மெஷின் கைகொடுக்காது.

4. கரன்ட் போனால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்வி இன்டர்வியூவில் வரலாம். பேட்டரி, அதுவும் போனால் ஹேண்ட் கிராங்க் என்பது பாதி பதில். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் என்றால் வேகம் விழுந்ததும் ரத்தம் பின்னோக்கி ஓடும், அதனால் முதலில் ஆர்ட்டீரியல் லைனில் கிளாம்ப் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

5. நூலிழையில் தப்பியவற்றைக் குறித்துவையுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள் என்பது போதும். பதவி உயர்வு பேசும்போது இந்தப் பதிவுகள் சர்டிஃபிகேட்டைவிட எடுபடும்.

கடைசியாக நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஆக்ஸிஜனேட்டரை நடுவில் மாற்றும் ஒத்திகை இங்கே எப்போது நடந்தது?' பதில் வராவிட்டால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள். அங்கே ஏதாவது நேர்ந்தால் பெர்ஃப்யூஷன் சார்ட்டில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.