தாடை பாக்குவெட்டி அன்று

அன்புள்ள மாணவிக்கு,

கீழ்த்தாடை பாக்குவெட்டியைப் போல இயங்குகிறது என்ற ஒப்புமை எத்தனை பழக்கமானதாக இருந்தாலும் இரண்டு இடங்களில் பிழையானது. அப்படி எழுதிய உன் விடைக்கு மதிப்பெண் குறைந்ததில் வியப்பில்லை. பாக்குவெட்டியில் சுழல்புள்ளி ஒரு முனையிலும், அழுத்தும் கை மறுமுனையிலும், பாக்கு சுழல்புள்ளியை ஒட்டியும் இருப்பதால் கையின் விசை பெருகிப் பாக்கின்மேல் விழுகிறது. தாடையிலோ சுழல்புள்ளி காதுக்கு முன்னும், தசைகள் அதற்குச் சற்று முன்னும், பற்கள் பெரும்பாலும் அவற்றுக்கும் முன்னும் அமைந்திருப்பதால், தசை தரும் விசை பல்லை அடைவதற்குள் குறைந்துவிடுகிறது. ஒப்பிட்டே தீர வேண்டுமானால் முள்வாங்கியோடு ஒப்பிடுவது தகும்.

இந்த இழப்பு கடைவாயில் குறைவு, முன்பல்லில் மிகுதி. ஆகவேதான் கெட்டியான சீடையை நாக்கு தானாகவே கடைவாய்க்கு ஒதுக்குகிறது. நலமான இளைஞர் அங்கே முழு வலிமையுடன் கடித்தால் ஏறத்தாழ 50 முதல் 70 கிலோ எடைக்கு ஈடான விசை பிறக்கும், முன்பல்லில் அதில் ஒரு பகுதியே கிடைக்கும். விசையைத் தருபவை கன்ன எலும்பிலிருந்து தாடை மூலைக்கு இறங்கும் மாசெட்டர், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்த டெம்போராலிஸ், தாடையின் உட்புறத்து டெரிகாய்டு ஆகிய தசைகள்.

இரண்டாவது பிழை கீலைப் பற்றியது. காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயை மெல்லத் திறந்தால், தாடையெலும்பின் குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே சுழல்வதையும், வாய் மேலும் அகலும்போது முன்னும் கீழுமாக வழுக்கி இறங்குவதையும் உணரலாம். குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் இடையே உள்ள நார்த்திசு வட்டு என்னும் மெல்லிய தகடு மூட்டை இரு அறைகளாகப் பிரிப்பதால் கீழறையில் சுழற்சியும் மேலறையில் வழுக்கலும் நடக்கின்றன. பாக்குவெட்டியின் ஆணி இடம் பெயர்ந்தால் அதைப் பழுது என்போம். தாடைக்கு அதுவே இயல்பு. ஒரு பக்கத்துக் குமிழ் ஏறக்குறைய நிலைத்திருக்க மறுபக்கத்தது முன்னும் உள்ளுமாக நகர்வதால்தான் தாடை பக்கவாட்டில் அரைக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் உள்ள மிளகு பல்லிடையே நசுங்குவது அம்மிக்குழவி போன்ற இந்த அசைவால்தான், வெறும் மேல்கீழ் அசைவால் அன்று.

அதே கோயிலில் அடியார்கள் தொட்டு வணங்கும் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைச் சமயக் கண்ணோடு மட்டும் பார்ப்பது போதாது என்பது இக்கடிதத்தின் பிடிவாதமான கருத்து. உயிருள்ள பல்லி பூச்சியைக் கவ்வி நசுக்கி விழுங்குமே தவிர, நம்மைப் போல் அரைப்பதில்லை. அதன் தாடை மூட்டும் நம்முடையதன்று. பல்லியில் அம்மூட்டை அமைக்கும் இரு சிற்றெலும்புகளே பாலூட்டிகளில் நடுச்செவிக்குள் சென்று சுத்தி எலும்பும் பட்டை எலும்புமாகிவிட்டன என்பதைக் கருவளர்ச்சியை ஆராய்ந்து ஜெர்மானிய உடற்கூற்றியலார் ரைஷெர்ட் 1837-இல் விளக்கினார். பல ஆண்டுகள் படித்தும் வியப்பு அடங்காத செய்தி இது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மார்கனுகோடான் என்னும் சிற்றுயிரின் புதைபடிவத்தில் பல்லியினது போன்ற பழைய மூட்டும் நம்முடையது போன்ற புதிய மூட்டும் அருகருகே காணப்படுகின்றன. பாடநூல் செவியை ஒரு பாடத்திலும் செரிமானத்தை வேறொரு பாடத்திலும் வைத்துப் பிரித்திருப்பதால் இந்த உறவு மாணவர் கண்ணில் படுவதேயில்லை. சீடை கடிக்கும் ஓசையை உள்ளே கடத்தும் அவ்விரு எலும்புகளும் ஒரு காலத்தில் கடிக்கும் தாடையின் மூட்டாக இருந்தவை.

அன்புடன்,
ஆசிரியர்